தாதியும் தராசும்

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு அமையாது, நோயாளியின் பக்கத்தில் நின்று பணிபுரிபவனையும் ஒரு கூறாக வைத்தார். ‘உழைச்செல்வான்’ என்பது அவனுக்கு அவர் வழங்கிய பெயர். உழை என்றால் பக்கம். வைத்தியர் வந்து பார்த்துச் செல்வார். மருந்து உடலிற் சென்று கரையும். பக்கத்தில் நிற்பவரோ நாள் முழுவதும் நிற்பார். இன்றைய வைத்தியசாலைகளில் அவ்விடத்தில் நிற்பவர் தாதி.

தாதியரின் பொறுமையையும் கருணையையும் மேடைகளிற் போற்றிப் பேசுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின் அவர்கள் தம் பணியிடையே எத்தகைய மனப்போராட்டங்களுக்கு உள்ளாகின்றனர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நன்மை இது, தீமை இது என்று தெளிவாகத் தெரிந்தவிடத்து நல்லோர்க்குச் சங்கடம் இல்லை. இரண்டு கடமைகள் ஒருங்கே எதிர்ப்பட்டு, ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெடும் என்னும் நிலை வரும்போதே தர்மசங்கடம் பிறக்கின்றது. எம்போன்ற ஆசிரியர்க்கும் அது நேர்வதுண்டு. ஆனால் வகுப்பறையில் இன்று தவறியதை நாளை திருத்திக்கொள்ளலாம். உயிர் ஊசலாடும் இடத்தில் அவ்வாறு தவணை கேட்க முடியாது. சிறுநீரகம் செயலிழந்தோர்க்குப் பணிபுரியும் தாதியரின் தர்மசங்கடங்களைப் பற்றியே இங்கு சிந்திக்க எண்ணினோம்.

செயற்கைச் சிறுநீரகம்

நம் உடலில் முதுகுப்புறமாக அமைந்துள்ள இரு சிறுநீரகங்களும் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடியளவினவே. ஆயினும் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்து, வேண்டியதை மீளவும் உடலுக்கே அளித்து, வேண்டாததை ஒன்றரை லீற்றர் அளவிற் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வேலை முற்றாக நின்றுவிடின் யூரியா முதலிய கழிவுகளும் பொற்றாசியம் என்னும் உப்பும் மிகையான நீரும் குருதியில் தேங்கி, சில நாட்களில் அல்லது சில வாரங்களில் உயிரைப் போக்கிவிடும்.

அந்நிலையை அடைந்தோர்க்கு இரண்டு வழிகள் உண்டு. மற்றொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துதல் ஒன்று. டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பு மற்றொன்று. பெரும்பாலோர்க்குச் செய்யப்படும் முறையில், கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்துப் பருக்கச் செய்து, அதில் இரண்டு ஊசிகளை ஏற்றுவர். ஓர் ஊசிவழியே குருதி வெளியே சென்று, மெல்லிய சவ்வுக் குழல்கள் நிறைந்த வடியினூடு ஓடி, மற்றை ஊசிவழியே உடலுக்குத் திரும்பும். சவ்வின் மறுபுறத்தே ஓடும் உப்புக் கரைசல் கழிவுகளைக் கவர்ந்து செல்லும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் வேண்டும். அதற்கிடையில் 120 லீற்றர் அளவான கரைசல் ஓடி முடிந்துவிடும். இவ்வாறு வாரத்துக்கு மூன்று முறை, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை அல்லது ஆயுள் உள்ளவரை நடைபெற வேண்டும்.

இங்கேதான் இத்தாதியின் நிலை ஏனைய தாதியரின் நிலையினின்றும் வேறுபடுகின்றது. காய்ச்சலோடு வந்தவர் குணமாகி வீடு செல்வார். கால் முறிந்தவர் கட்டவிழ்த்துச் செல்வார். சுத்திகரிப்புக்கு வருபவரோ ஆண்டுக்கு 150 தடவைக்கு மேல் அதே கட்டிலுக்கு வருகின்றார். மகனின் பரீட்சைப் பெறுபேறும் மகளின் கல்யாணப் பேச்சும் வயலின் விளைச்சலும் கடனின் வட்டியும் தாதிக்குத் தெரியும். நோயாளி உறவினரைப் போலாகிவிடுகின்றார். உறவு நெருங்க நெருங்கக் கடமையின் முடிச்சும் இறுகுகின்றது.

எதிரிக்கும் சிகிச்சை

இச்சிகிச்சையின் வரலாறே ஓர் அறக்கேள்வியுடன் தொடங்குகின்றது. இரண்டாம் உலகப்போரில் ஒல்லாந்து தேசம் ஜேர்மனியரின் பிடியில் இருந்த காலம். காம்பென் என்னும் சிறு நகரின் வைத்தியசாலையிற் பணிபுரிந்த டொக்டர் வில்லெம் கொல்ஃப், மரத்தாலான உருளையின்மீது செலோபேன் குழாயைச் சுற்றி ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். அந்தக் குழாய், கடைகளில் இறைச்சிக் குழல்களுக்கு உறையாகப் பயன்படும் சாதாரணப் பொருளே. 1943இல் அவர் அதனைக்கொண்டு நோயாளருக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோயினர்.

1945இல், போர் முடிந்தபின், 67 வயதுடைய ஒரு மூதாட்டி நினைவிழந்த நிலையில் அவரிடம் கொண்டுவரப்பட்டார். அம்மூதாட்டி சாமானியர் அல்லர். ஆக்கிரமித்த நாஜிகளுக்குச் சார்பாக நின்றவர் என்று சிறைவைக்கப்பட்டிருந்தவர். தம் ஊராரும் உறவினரும் அவ்வாக்கிரமிப்பினால் எவ்வளவு துன்புற்றனர் என்பதை அவ்வைத்தியசாலையில் இருந்தோர் அனைவரும் அறிவர். ஆயினும் கொல்ஃப் அவருக்குப் பதினொரு மணி நேரம் சிகிச்சை செய்தார். அவர் கண்விழித்தார், மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்த முதல் மனிதர் என்று மருத்துவ வரலாறு குறிப்பது அவரையே. நோயாளி எத்தகையவர் என்னும் கேள்வியை வைத்தியசாலை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்னும் நெறிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எழுவர் சபை

அந்நெறி பதினேழு ஆண்டுகளின் பின் அமெரிக்காவிலே கடுஞ்சோதனைக்கு உள்ளானது. கொல்ஃப் அமைத்த இயந்திரம் தற்காலிகமாகச் சிறுநீரகம் பழுதுற்றோர்க்கே பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குருதிக் கலனைத் திறக்க வேண்டியிருந்தமையால் நெடுங்காலச் சிகிச்சைக்கு இடமிருக்கவில்லை. 1960இல் சியாற்றில் நகரத்து டொக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், தெஃப்லோன் குழாயொன்றைக் கையில் நிலையாகப் பொருத்திவைக்கும் முறையைக் கண்டார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவ்வாறு சிகிச்சை பெறத் தொடங்கிய கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் அதன்பின் பதினொரு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். மரணதண்டனை போன்றிருந்த நோய், மருந்தோடு வாழக்கூடிய நோயாயிற்று.

1962இல் சியாற்றிலில் இதற்கென நிலையமொன்று திறக்கப்பட்டது. அங்கே இருந்தவை மூன்றே கட்டில்கள். வாசலில் நின்றோரோ பலர். யாரை ஏற்பது, யாரை மறுப்பது? வைத்தியர்கள் முதலில் உடல்நிலையைச் சோதித்துத் தகுதியானோரைப் பிரித்தனர். அவர்களுள்ளும் எல்லோர்க்கும் இடமில்லாமையால், மேற்கொண்டு தெரிவு செய்வதற்கு எழுவர் கொண்ட சபையொன்று அமைக்கப்பட்டது. ஒரு சட்டத்தரணி, ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க உத்தியோகத்தர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் என்போரே அவ்வெழுவர். அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

அவர்கள் எவற்றை ஆராய்ந்தனர்? வயது, விவாகம், பிள்ளைகளின் தொகை, வருமானம், கல்வி, தொழில், மனவுறுதி, தேவாலயத்துக்குச் செல்லும் வழக்கம் ஆகியவற்றையெல்லாம் கருத்திற்கொண்டனர். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ‘லைஃப்’ சஞ்சிகையில் ஷானா அலெக்சாந்தர் என்னும் எழுத்தாளர் இதனை விரிவாக எழுதியபோது நாடே திடுக்குற்றது. ஊருக்கு உபகாரி, நான்கு பிள்ளைகளின் தந்தை, நல்ல உத்தியோகம் உடையவர் என்றால் தராசின் தட்டுத் தாழும். தனியராய், ஏழையாய், ஊரோடு ஒட்டாதவராய் வாழ்பவரின் தட்டு உயரும். உயிரை எடைபோடப் புகுந்தோர் ஈற்றில் தம்மைப் போன்றவர்களையே கனமுள்ளவர்களாகக் கண்டனர் என்று அறிஞர் பலர் கண்டித்தனர். அவ்வெழுவரும் தீயவர் அல்லர். ஊதியம் ஏதும் பெறாது, உறக்கமிழந்து, தம்மால் இயன்றவாறு தீர்ப்பளித்தோரே. குற்றம் தராசினுடையது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்ற காரணத்தால் அச்சபையின் வாசல் ஒரு பள்ளிச் சிறுமிக்கு அடைபட்டது. அவளுக்காகவே ஸ்கிரிப்னரும் அவருடைய பொறியியல் நண்பர்களும் 1964இல் வீட்டில் வைத்து இயக்கத்தக்க இயந்திரமொன்றை உருவாக்கினர். தாயே அதனை இயக்கக் கற்று, மகளுக்குத் தாதியானார். பின்னர் 1972இல் அமெரிக்க அரசு சட்டமியற்றி, சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோர்க்கும் சிகிச்சைச் செலவை ஏற்றது. எழுவர் சபைக்கு வேலையில்லாமற் போயிற்று.

டேர்பன் வழக்கு

ஆனால் செல்வம் குறைந்த நாடுகளில் அக்கேள்வி மறைந்துவிடவில்லை. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில், கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் சந்ததியார் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அந்நகரில் 41 வயதுடைய தியாகராஜ் சுப்பிரமணி என்பவருக்கு 1996இல் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவருக்கு ஏற்கனவே நீரிழிவும் இருதய நோயும் இருந்தன; பக்கவாதமும் கண்டிருந்தது. கையிலிருந்த பணம் தீரும்வரை தனியார் சிகிச்சை பெற்றார். பின்னர் அடிங்டன் அரசாங்க வைத்தியசாலையை நாடினார். அங்கிருந்தவை 20 இயந்திரங்கள். அவற்றுட் சில பழுதுபட்டவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுடையோர்க்கே நெடுங்காலச் சுத்திகரிப்பு என்பது அவ்வைத்தியசாலையின் விதி. இருதய நோயினால் அத்தகுதி அவருக்கு இல்லை.

அவர் நீதிமன்றத்தை நாடினார். 1997ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் அவருடைய முறையீட்டைத் தள்ளியது. உள்ள வளங்கள் சிறிது, விதி நேர்மையானது, யாவருக்கும் ஒரே வகையாகப் பின்பற்றப்பட்டது, ஆகையால் நீதிமன்றம் அதில் தலையிடுதல் தகாது என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து சிறிது காலத்துக்குள் அவர் இறந்தார்.

சியாற்றிலையும் டேர்பனையும் ஒப்புநோக்கும் மாணவர் ஓர் உண்மையை உணர்வர். சியாற்றில் சபை, ‘இவர் எத்தகைய மனிதர்?’ என்று கேட்டது. டேர்பன் விதி, ‘இச்சிகிச்சை இவரை எங்கே கொண்டுசெல்லும்?’ என்று கேட்டது. முன்னையதிலும் பின்னையது நேர்மையானது, வெளிப்படையானது, நீதிமன்றத்தின் முன் நின்று தன்னை நிலைநாட்ட வல்லது. ஆயினும் ஒரு மனிதர் இறந்தார். நேர்மையான விதியும் துயரத்தை ஒழித்துவிடாது. விதியை எழுதியவர்கள் அத்துயரத்தின் முகத்தை நேரிற் காண்பதில்லை. விதிவழி நிற்கும் தாதியோ காண்கின்றார்.

இது பழங்கதையும் அன்று. ஏழை நாடுகளின் கதை மாத்திரமும் அன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கொரோனா நோயாளர் பலருக்குச் சிறுநீரகமும் பழுதுபட்டமையால், செல்வம் கொழிக்கும் நியூயோர்க் நகரத்து வைத்தியசாலைகளிலேயே சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கும் கரைசலுக்கும் பயிற்சிபெற்ற தாதியர்க்கும் பஞ்சம் ஏற்பட்டது. எமது நாட்டிலோ வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ காரணமாகாத ஒருவகைச் சிறுநீரக நோய் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து பெருந்தொகையாகக் காணப்பட்டு வருகின்றது. 2021இல் சீன நாட்டு உதவியுடன் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கெனப் பெரிய வைத்தியசாலையொன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து, அந்நியச் செலாவணி இன்றி, மருந்துகளுக்கும் மருத்துவப் பொருட்களுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. கட்டடம் இருந்தாலும் வடியும் குழாயும் வந்து சேராவிடின் தாதி என்ன செய்வார்?

கட்டிலருகே எழும் கேள்விகள்

நீதிமன்றமும் சபையும் கூடித் தீர்மானிக்கும் பெருங்கேள்விகள் ஒருபுறமிருக்க, எவருக்கும் தெரியாமல் கட்டிலருகே எழும் சிறு கேள்விகளையும் நோக்குவோம்.

தூரக் கிராமத்திலிருந்து வரும் நோயாளி ஒருவர் பஸ் வண்டியைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் தாமதித்து வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முழு நான்கு மணி நேரமும் கொடுத்தால், அடுத்த முறைக்குக் காத்திருப்பவர் இரவு வேளையில் வீடு செல்ல நேரும். குறைத்தால், இவருடைய குருதியிற் கழிவு எஞ்சிநிற்கும். இருவரும் தாதியின் முகத்தையே பார்க்கின்றனர். இவர் எப்போதும் இன்முகத்தோடு பேசுபவர், மற்றவர் சிடுசிடுப்பவர். அல்லது இவர் ஏழை. மற்றவர் ஊரிற் பெரியவர். இப்போது சியாற்றில் சபையின் தராசு, எவரும் அழையாமலே தாதியின் கைக்கு வந்துவிடுகின்றது. பிரியமானவருக்குப் பத்து நிமிடம் கூட்டிக் கொடுப்பதும் பிடியாதவருக்குப் பத்து நிமிடம் குறைப்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறா. இத்தகைய விடயங்களில் வைத்தியரோடு கூடி விதியொன்றை முன்னரே வகுத்துச் சுவரில் எழுதி வைத்தல் தாதிக்கும் காப்பு, நோயாளிக்கும் காப்பு. அவ்விதியை மாற்ற வேண்டிய அவசரம் நேரின், வைத்தியரிடம் கேட்டு, காரணத்தை இருவரும் கேட்கச் சொல்லியே மாற்றுதல் வேண்டும்.

சொற்கேளாத நோயாளியின் விடயம் அடுத்தது. சிறுநீர் வெளியேறாதவர் குடிக்கும் நீர் முழுவதும் உடலிலேயே தங்கும். ஆதலால் அவர் நாளொன்றுக்கு மிகச் சிறிதளவே பருக வேண்டும். வாழைப்பழம், இளநீர் முதலியவற்றிற் பொற்றாசியம் மிகுதி. அது குருதியில் ஏறினால் இருதயம் திடீரென நின்றுவிடக் கூடும். இதையெல்லாம் நூறு முறை கூறியும், நான்கு கிலோ நீருடன் வந்து படுக்கின்றார் ஒருவர். அவ்வளவையும் ஒரே முறையில் இழுத்தால் குருதியமுக்கம் வீழ்ந்து, தசைகள் பிடித்து, அவர் துடிப்பார். விட்டுவிட்டால் மூச்சு முட்டும். ‘தானே தேடிய வினை’ என்று தாதியின் உள்ளம் சலிக்கின்றது. அச்சலிப்பு இயல்பானதே. ஆயினும் நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் தாகத்தோடு இருப்பது எளிதன்று. உண்மையை ஒளியாமற் கூறுதலும், அளவைக் கடைப்பிடிக்க உபாயம் சொல்லுதலும் தாதியின் கடமை. தண்டித்தல் அவர் கடமையன்று. வந்தவரை அன்றைய நிலையில் ஏற்றுச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும்.

மூன்றாவது, இரகசியம் பற்றியது. ஒரு குடும்பத்தில் மூத்தவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. தம்பி ஒன்றைக் கொடுப்பதென்று எல்லோரும் பேசி முடித்துவிட்டனர். தாயார் அழுகின்றார், ஊரார் தம்பியைப் புகழ்கின்றனர். ஒருநாள் அத்தம்பி தாதியைத் தனியே கண்டு, “சிஸ்டர், எனக்குப் பயமாயிருக்கிறது, எனக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றார்கள். வேண்டாம் என்று வீட்டில் சொல்ல என்னால் முடியாது” என்கின்றார். தாதி யார் பக்கம் நிற்பது? தினமும் தம் கண்முன் வாடும் நோயாளிக்காக, “பயப்படாதீர், கொடுத்துவிடும்” என்று சொல்லத் தோன்றும். சொல்லலாகாது. மனமுவந்து கொடுப்பதே தானம். நெருக்கிப் பெறுவது பறித்தலாகும். தம்பியின் சம்மதத்தோடு அதனை வைத்தியருக்கு மட்டும் அறிவித்தல் தக்கது. ‘இவர் தானம் செய்வதற்கு ஏற்றவர் அல்லர்’ என்று மாத்திரம் வீட்டாருக்குக் கூறி, காரணத்தை வெளியிடாது காக்கும் வழக்கம் பல மருத்துவ நிலையங்களில் உண்டு. இது முழு உண்மையா என்று வினவுவோர் உளர். ஒரு குடும்பம் என்றென்றைக்கும் பிளவுபடுவதிலும், ஒருவர் தம் உடலை மனமின்றிக் கொடுப்பதிலும் இது நன்று என்பதே அறிஞர் பலரின் முடிபு.

நான்காவது, நம்மவர் இல்லங்களில் அதிகம் காணப்படுவது. “அப்பாவுக்கு ஒன்றும் சொல்லிவிடாதேயுங்கோ; அவர் தாங்கமாட்டார்” என்று பிள்ளைகள் தாதியிடம் மன்றாடுவர். அன்பினாலேயே மன்றாடுகின்றனர். சற்று நேரத்தின்பின் அப்பா கேட்பார்: “பிள்ளை, இது இனி மாறாதா? உண்மையைச் சொல்லு.” பொய் கூறினால் நாளை தாதியின் எந்தச் சொல்லையும் அவர் நம்பார். உண்மையைக் கொட்டிவிட்டால் குடும்பத்தின் நம்பிக்கை முறியும். “நீங்கள் எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள், ஐயா?” என்று அவரையே கேட்டு, வைத்தியரை அழைத்து, அவர் விரும்பும் அளவுக்கு அவர் அறியும்படி செய்தல் நடுவழி. நோய் அவருடையது, அதைப் பற்றிய அறிவும் முதலில் அவருக்கே உரியது.

தாதியின் உயிர் பற்றிய கேள்வியும் உண்டு. 1969, 1970ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஈரல் அழற்சி நோய் குருதிவழியே பரவி, நோயாளருட் சிலரும் அங்கு பணிபுரிந்தோருட் சிலரும் மாண்டனர். பின்னர் 1981இல் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பாதுகாப்பு முறைகளும் வளர்ந்தன. ஆயினும் கொரோனா காலத்தில் அதே அச்சம் திரும்பியது. வீட்டிற் கைக்குழந்தை காத்திருக்க, நோயாளியைக் கைவிடாது நின்ற தாய்மாரை நாம் அறிவோம். அவர்களைத் தியாகிகள் என்று புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கையுறையும் முகக்கவசமும் தடுப்பு மருந்தும் குறைவின்றிக் கொடுத்துவிட்டே அவர்களிடம் துணிவை எதிர்பார்த்தல் முறை.

‘போதும்’ என்பவரின் முன்னே

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கின்றது. ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை பெற்ற ஒருவர் ஒருநாள், “போதும், இனி என்னை இந்த இயந்திரத்தில் மாட்டவேண்டாம்” என்கின்றார். நிறுத்தினால் பெரும்பாலோர் ஒன்று இரண்டு வாரங்களுக்குள் இறப்பர். உயிர் காக்கவென்று பயின்ற தாதி இதற்கு என்ன விடை கூறுவார்?

அமெரிக்க நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்சனர் சில ஆண்டுகள் சுத்திகரிப்புப் பெற்றபின், 1997இல், தமது 90ஆம் வயதில், அதனை நிறுத்துவதென்று தீர்மானித்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி இறந்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வோல்ட் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஒரு காலை இழந்த நிலையில், சுத்திகரிப்பை நிறுத்திவிட்டு, இறுதிக்காலப் பராமரிப்பு இல்லமொன்றிற் புகுந்தார். எல்லோரும் வியக்க, அவருடைய சிறுநீரகம் மீளவும் இயங்கத் தொடங்கியது. அவர் வெளியேறி, ஒரு நூலும் எழுதி, 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதம்வரை வாழ்ந்தார். அது மிக அரிதாக நிகழ்வது. நெடுநாள் நோயாளர் அதனை எதிர்பார்த்தல் கூடாது. இருவர் கதையிலும் பொதுவாயிருப்பது ஒன்றுண்டு: தீர்மானம் அவர்களுடையது, தெளிந்த அறிவோடு செய்தது, மறைவின்றிச் செய்தது.

‘போதும்’ என்னும் சொல் எல்லோர் வாயிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. வலி தாங்காது சிலர் சொல்வர். வலி தணிந்தால் அச்சொல்லும் மறையும். மனச்சோர்வு நோயாற் சிலர் சொல்வர். அதற்கும் சிகிச்சை உண்டு. பிள்ளைகளுக்குப் பாரமாயிருக்கின்றேனே என்று பஸ் செலவை எண்ணிச் சொல்வோரும் உளர். அவர்களுக்கு வேண்டுவது பொருளுதவி, மரணம் அன்று. இவையெல்லாம் நீங்கிய பின்னரும், வைத்தியரோடும் குடும்பத்தோடும் பலமுறை பேசிய பின்னரும், அமைதியாக அதே விடையைச் சொல்வோர் சிலர் இருப்பர். அவர்கள் சிகிச்சையை மறுப்பதைத் தற்கொலையாகக் கொள்ளலாகாது என்று மருத்துவ அறிஞரும் பல நாட்டுச் சட்டங்களும் கூறுகின்றன. எந்த வகையான ‘போதும்’ இது என்று பிரித்தறிவதற்கு, ஆண்டுக்கு 150 நாள் பக்கத்திலிருந்த தாதியை விடத் தகுதியானவர் யார்? அவர் அதட்டி வாயடைத்துவிட்டால் அவ்வறிவு எவருக்கும் பயன்படாமற் போகும்.

நிறுத்துவதென்று முடிவானபின் இயந்திரத்துக்கே ஓய்வு, தாதிக்கு ஓய்வில்லை. மூச்சுத் திணறலைத் தணித்தல், அரிப்பையும் குமட்டலையும் அடக்குதல், வாயை ஈரப்படுத்துதல், உறவினர் கண்டு பேச வழிசெய்தல் என்று பணி பெருகும். சிகிச்சைக்கு முடிவு உண்டு, பராமரிப்புக்கு முடிவில்லை. டேர்பன் நகரத்தவரைப் போன்று விதியால் மறுக்கப்பட்டோர்க்கும் இது பொருந்தும். இயந்திரம் கொடுக்க இயலாத நாடும் ஒரு தாதியைக் கொடுக்க இயலும்.

நாம் செய்யத்தக்கவை

சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் தன் ஒழுக்கக் கோவையை முதன்முதலாக ஏற்றது. 2021இலும் அதனைத் திருத்தி வெளியிட்டது. இனம், மதம், செல்வநிலை ஆகியன நோக்காது பணிபுரிக என்பது அதன் உயிர்நாடி. ஆனால் கோவை வழியைக் காட்டும். கட்டிலருகே நிற்பவருக்குத் துணை மனிதரே ஆதல் வேண்டும். தம் சங்கடத்தைச் சகதாதியரோடும் வைத்தியரோடும் கூடிப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒவ்வொரு நிலையத்திலும் ஒதுக்கப்படுதல் நன்று. மூடிய மனத்தில் தனியே எடைபோடும் தராசுதான் கோணும். பலர் காண வைத்த தராசு அத்துணை எளிதிற் கோணாது.

குடும்பத்தினர்க்கும் சில கடமைகள் உண்டு. வீட்டிலுள்ள பெரியவர் எவ்வகைச் சிகிச்சையை விரும்புவார், எதனை விரும்பமாட்டார் என்பதை அவர் தெளிவாயிருக்கும் காலத்திலேயே கேட்டறிதல் வேண்டும். அதனைப் பேசுதல் அபசகுனம் என்று ஒதுக்கினால், அப்பாரம் முன்பின் அறியாத ஒரு தாதியின் தலையில் விழும். தெரிந்தவர் என்பதற்காக முறை தவறி முந்திக்கொள்ளச் சலுகை கேளாதிருத்தலும் ஓர் அறமே. சலுகை பெற்ற ஒவ்வொரு நிமிடமும், பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் வேறொருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உள்ளவர்கள் காலந்தோறும் சிறுநீரையும் குருதியையும் சோதித்து, வைத்தியர் சொற்படி நடந்தால், அக்கட்டிலுக்குச் செல்லும் நாளையே பலர் தவிர்க்கலாம் அல்லது பின்தள்ளலாம்.

மாணவரே, உங்களுட் சிலர் நாளை வைத்தியராவீர், சிலர் தாதியராவீர், சிலர் நிதியும் சட்டமும் வகுக்கும் உத்தியோகத்தராவீர். எத்தனை இயந்திரம் வாங்குவது, எத்தனை தாதியரை நியமிப்பது என்று நீங்கள் கொழும்பில் இருந்து ஒரு தாளில் எழுதும் இலக்கம், எங்கோ ஒரு வைத்தியசாலைக் கட்டிலருகே ஒரு தாதி சொல்ல வேண்டிய ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ மாறும். கையெழுத்திடுமுன், அத்தாதியையும் அவர் எதிரே படுத்திருப்பவரையும் ஒருமுறை நேரிற் சென்று கண்டு வாருங்கள் என்பதே எமது வேண்டுகோள்.